காப்பீட்டு அட்டையும் பக்கச்சக்கர ஸ்கூட்டரும்: காவிரிக் கரையிலிருந்து ஒரு நடமாட்ட வரலாறு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், அதற்கான செலவைக் காப்பீடு ஏற்கும். சிகிச்சை முடிந்தும் நடக்க முடியாமல் போனால், அதே அட்டையைக் காட்டி ஒரு ஸ்கூட்டர் வாங்க முடியாது. அதற்கு வேறு துறை, வேறு விண்ணப்பம், வேறு அலுவலகம். திருவிடைமருதூரில் இருப்பவருக்கு அந்த அலுவலகம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், தஞ்சாவூரில் இருக்கிறது. நடக்க இயலாதவர் நடமாட்டத்துக்கான உதவியைக் கேட்க முதலில் அவ்வளவு தூரம் போய்வர வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் முதல் முரண்.

உடலைச் சரிசெய்யும் செலவு ஒரு கணக்கிலும், உடலை இடம்பெயர்க்கும் செலவு இன்னொரு கணக்கிலும் எழுதப்படுவது எப்படி வந்தது என்பதைத் தஞ்சைப் பகுதியை, குறிப்பாகத் திருவிடைமருதூர் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரை பார்க்கிறது.

சுமப்பவரும் சுமக்கப்படுபவரும்

தமிழ் இலக்கிய வரலாற்றில் நடமாட்ட உதவி என்றதும் நினைவுக்கு வருபவர்கள் இரட்டைப் புலவர்கள். இளஞ்சூரியர், முதுசூரியர் என அறியப்படும் இவ்விருவரில் ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் இல்லை. பார்வையற்றவர் நடக்க இயலாதவரைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார் என்றும், ஒரு வெண்பாவின் முதற்பாதியை ஒருவர் சொல்ல மறுபாதியை மற்றவர் முடிப்பார் என்றும் மரபு கூறுகிறது. கதையின் எந்த அளவு வரலாறு என்பது வேறு விஷயம். நடக்க முடியாத ஒருவர் ஊர்விட்டு ஊர் போக வேண்டுமானால் இன்னொரு மனிதரின் தோள்தான் வழி என்ற அன்றைய நிலையை அது அப்படியே காட்டுகிறது.

சோழர் காலத்தில் பொதுச் செலவில் மருத்துவம் இருந்தது. திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திரன் காலத்து (11-ஆம் நூற்றாண்டு) கல்வெட்டு, வீரசோழன் ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையில் 15 நோயாளிகள் படுக்க இடம் இருந்ததையும், மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் ஆகியோருக்குக் கொடுத்த கூலியையும், ஓராண்டுக்குச் சேமித்துவைத்த மருந்துகளின் பெயர்களையும் விரிவாகத் தருகிறது. தஞ்சை மராத்தியர் காலத்துச் சத்திரங்களும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. இரண்டாம் சரபோஜி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் அமைத்த முக்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்களுக்கு உணவு கிடைத்தது. நோயுற்றவர்களுக்கு மருந்தும் கிடைத்தது.

ஆதுலர் சாலை ஆனாலும் சத்திரம் ஆனாலும், பொதுப் பணம் செலவிடப்பட்டது ஓர் இடத்துக்கு. அங்கே வந்து சேர்ந்தவருக்கு எல்லாம் உண்டு. வந்து சேருவது அவரவர் பாடு.

வாகனம் என்பது மரியாதையின் அடையாளமாகவே இருந்தது. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலை நிர்வகிக்கும் திருவாவடுதுறை ஆதீனம் உள்ளிட்ட சைவ மடங்களில் ஆதீனகர்த்தரைப் பல்லக்கில் சுமந்து செல்லும் பட்டினப் பிரவேசம் இன்றும் நடக்கிறது. ஆக, இந்த மண்ணில் சுமக்கப்படுவது உயர்ந்தவருக்கு மரியாதை. கால் இல்லாதவருக்கு அதுவே பிறருக்குப் பாரமாக இருத்தல்.

நெல்வயலும் குழித்தறியும்

காப்பீடு என்ற கருத்து இந்தியத் தொழிலாளர்களுக்குச் சட்டமாக வந்தது ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியில். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போது கை, கால் இழந்தவருக்கு, இழந்த உறுப்புக்கு ஏற்ப இத்தனை விழுக்காடு திறன் இழப்பு என்று கணக்கிட்டுப் பணம் தரச் சொன்னது. ஊனத்தை விழுக்காட்டில் அளக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் வேரூன்ற இச்சட்டமும் ஒரு காரணம். இன்றைய அடையாள அட்டையில் அச்சாகும் விழுக்காட்டுக்கு அதுவே மூத்த உறவு.

அடுத்து 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். இ.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் இத்திட்டம் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955-இல் கோயம்புத்தூருக்கு வந்தது. கான்பூர், கோயம்புத்தூர் இரண்டும் ஆலை நகரங்கள் என்பது தற்செயல் அல்ல. இ.எஸ்.ஐ. மருத்துவத்தோடு நிற்காமல் செயற்கைக் கால் முதலிய துணைக் கருவிகளையும் காப்பீட்டாளருக்குரிய பயனாகக் கருதியது. உடல் இயங்குவதற்கான கருவி காப்பீட்டுக்குள் வரும் என்ற கொள்கை, அந்த வகையில், நம் நாட்டிலேயே பல பத்தாண்டுகளாக உண்டு.

ஆனால் அது ஆலைத் தொழிலாளிக்கானது. காவிரிப் படுகையில் ஆலை ஏது? நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் போகும் விவசாயக் கூலிகள் அந்தச் சட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவருக்கு முதலாளி யார், அவருக்காகச் சந்தா கட்டியது யார் என்ற கேள்விக்கு விடையில்லை.

திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் உள்ள திருபுவனம் இதில் தனியாகக் கவனிக்கத்தக்க ஊர். பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற இவ்வூரின் சேலைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பட்டு நெசவின் அடிப்படை குழித்தறி. நெசவாளர் தரையில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதிபலகையை மிதிக்க வேண்டும். கைகளுக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் கால் ஒத்துழைக்காவிட்டால் அந்தத் தறியில் உட்கார முடியாது. பாவு போடுவது, நூல் சுற்றுவது போன்ற துணை வேலைகளுக்கே அவர் ஒதுக்கப்படுவார். வருமானமும் அதற்கேற்பக் குறையும். கைத்தறி நெசவாளர்களுக்கென்று 2005-06-இல் மத்திய அரசு ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தனியார் காப்பீட்டு நிறுவனம் வழியாகக் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரம்பு. மருத்துவமனையில் படுக்காமல் பெறும் சிகிச்சைக்கும் அதில் இடம் இருந்தது. மூக்குக் கண்ணாடிக்குக்கூட ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. நெசவுக்குக் கண் தேவை என்பதால் கண்ணாடி உள்ளே வந்தது. கால் தேவை என்பது தெரிந்திருந்தும் காலுக்கான கருவி வரவில்லை. என் பார்வையில் இது கவனக்குறைவு அன்று. கண்ணாடி மலிவு, வண்டி விலை கூடியது. 15,000 ரூபாய் வரம்புக்குள் வண்டி அடங்காது.

இளம்பிள்ளைவாதத்தின் தலைமுறை

இன்று நடுவயதைக் கடந்த, இரு கால்களும் சூம்பிய மாற்றுத்திறனாளிகளில் பலர் இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்டவர்கள். இந்தியாவில் போலியோ சொட்டு மருந்து தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது 1970-களின் இறுதியில்தான். நாடு முழுவதும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கும் இயக்கம் 1995-இல் தொடங்கியது. கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச் 27 அன்று போலியோ அற்ற பகுதி என்ற சான்று கிடைத்தது. ஆனால் நோய் ஒழிந்த நாளோடு நோய்ப்பட்டவர்கள் மறைந்துவிடுவதில்லை. தவழ்ந்து பள்ளிக்குப் போனவர்கள், அண்ணன் தோளில் போனவர்கள், போகாமலேயே நின்றவர்கள் என்று அந்தத் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது.

மறுவாழ்வு மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு முன்னோடி இடம் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். நாட்டில் அவ்வகையில் அது முதலாவது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். இராமகிருஷ்ணனும் விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். இரண்டு இடங்களிலும் பணியைத் தொடங்கியவர்கள் சக்கர நாற்காலியிலிருந்தே அதைச் செய்தார்கள். ஆனால் தஞ்சைப் பகுதிக் குடியானவருக்கு வேலூரும் ஆய்க்குடியும் வெளியூர்கள்தான்.

வண்டி வந்த கதை

மத்திய அரசு 1972-இல் கான்பூரில் செயற்கை உறுப்புகள் உற்பத்திக் கழகத்தை நிறுவியது. அலிம்கோ என்று அறியப்படும் இக்கழகத்தில் 1976-இல் உற்பத்தி தொடங்கியது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் நாடெங்கும் அறிமுகமானதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 1981-ஐ ஊனமுற்றோருக்கான உலக ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அதே ஆண்டில்தான் துணைக் கருவிகள் வாங்க மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் மத்திய அரசின் 'அடிப்' திட்டமும் வந்தது.

கைச்சுற்று வண்டியை அறிந்தவர்களுக்கு அதன் அருமையும் தெரியும், கொடுமையும் தெரியும். சமதரையில் நன்றாக ஓடும். காவிரிப் படுகை சமவெளிதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் மேலே ஏறி இறங்கும் ஒவ்வொரு பாலமும் ஒரு மேடு. மதகுக் கட்டையைத் தாண்டத் தோள்பட்டை நோகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பை ஒட்டிய மண்சாலை சேறாகிவிட்டால் பின்னாலிருந்து தள்ள ஓர் ஆள் வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் தினமும் அதில் வேலைக்குப் போய்வருவது எளிதன்று.

உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது எந்த நலத்திட்டமும் அன்று, கியர் இல்லாத ஸ்கூட்டர். 1970-களிலும் 80-களிலும் தெருவெங்கும் ஓடிய பஜாஜ் சேட்டக்கில் கியரைக் கையால் மாற்றலாம். ஆனால் கிளப்புவதற்கும் பின் பிரேக்கை அழுத்துவதற்கும் கால் வேண்டும். 1980-களின் நடுவில் வந்த கைனெடிக் ஹோண்டா, கியரும் இல்லாமல், பொத்தானை அழுத்தினால் கிளம்பியது. 2001 வாக்கில் ஆக்டிவா வந்து, அதுபோன்ற கைப்பிரேக் வண்டிகள் சிற்றூர்களிலும் பரவியபோது, வண்டி ஓட்டக் காலுக்கு எஞ்சியிருந்த ஒரே வேலை நிற்கும்போது ஊன்றிக்கொள்வது மட்டுமே. அந்த வேலையைப் பின்னால் இருபக்கமும் பொருத்தப்பட்ட இரண்டு சிறிய சக்கரங்கள் எடுத்துக்கொண்டன. பட்டறைக்காரர்கள் இரும்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்துச் செய்த இந்தப் பக்கச்சக்கர வேலையே பின்னாளில் அரசுத் திட்டத்தின் பெயரிலும் ஏறியது: 'இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்'.

சட்டமும் இதைப் பின்தொடர்ந்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய வண்டியை இயலாதோர் ஊர்தி என்ற பொருள்படும் சொல்லால் தனி வகையாகக் குறித்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தம் அதை மாற்றித் 'தகவமைக்கப்பட்ட வாகனம்' என்றது. ஓட்டுபவரைக் குறித்த பெயர் வண்டியைக் குறிப்பதாக மாறியது. சிறிய மாற்றம்தான், ஆனால் 'ஊனமுற்றோர்' என்பது 'மாற்றுத்திறனாளிகள்' ஆனதைப் போலவே இதற்கும் மதிப்பு உண்டு.

மேலைநாடுகளில் இச்சொல்லால் குறிப்பது வேறு வண்டி. அது மின்கலத்தில் இயங்குவது, மெதுவாகப் போவது, நடைபாதையிலும் அங்காடிக்குள்ளும் ஓட்டத்தக்கது. 1968-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் தீம் என்பவர் தண்டுவட மரப்பு நோயால் பாதிக்கப்பட்ட தம் உறவினருக்காகச் செய்த 'அமிகோ' அதன் தொடக்கம். நடைபாதையே இல்லாத ஊர்களில் அந்த வண்டிக்கு வேலை இல்லை. பெருஞ்சாலையில் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே போக நமக்குப் பெட்ரோல் வண்டிதான் வேண்டியிருந்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தசைச்சிதைவு நோயாளிகளுக்கும் தமிழக அரசு தனியாக மின்கலச் சக்கர நாற்காலி தருகிறது.

காப்பீடு எதை வாங்கும்?

ஆந்திரத்தில் 2007-இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டத்தின் வழியில், 2009 ஜூலை 23 அன்று மு. கருணாநிதி ஆட்சியில் உயிர்காக்கும் உயர் சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறியபின் 2012 ஜனவரி 11 அன்று ஜெயலலிதா முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கினார். ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இதில் சேரலாம் என்றிருந்த வரம்பு பின்னர் 1,20,000 ஆனது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு கிடைக்கிறது.

இத்திட்டங்களின் உட்கட்டமைப்பு ஒன்றே. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்படும். மருத்துவமனை முன் அனுமதி பெற்றுச் சிகிச்சை செய்து, அந்தத் தொகையைக் காப்பீட்டிலிருந்து பெற்றுக்கொள்ளும். பணம் நோயாளியின் கைக்கு வருவதில்லை. பட்டியலில் இருப்பதைப் பட்டியலில் உள்ள மருத்துவமனை செய்தால் காசு உண்டு. மருத்துவமனை வாசலைத் தாண்டியபின் நடப்பது பட்டியலில் இல்லை.

இதில் ஒரு விதிவிலக்கு சிந்திக்க வைப்பது. பிறவியிலேயே காது கேளாத சிறு குழந்தைகளுக்குச் செவிநரம்புக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை காப்பீட்டில் உண்டு. லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி அது. அது நோயைக் குணப்படுத்துவதில்லை. இல்லாத புலனுக்கு மாற்று வழி தருகிறது. ஸ்கூட்டரும் அதைத்தான் செய்கிறது. ஒன்று உடலுக்குள் அறுவை அரங்கில் பொருத்தப்படுவதால் மருத்துவம் ஆயிற்று, மற்றது உடலுக்கு வெளியே இருப்பதால் நலத்திட்டம் ஆயிற்று.

வெறும் வகைப்பாட்டு வேறுபாடு என்றால் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் காப்பீட்டில் தகுதி இருந்தால் பயன் உண்டு; இந்த ஆண்டு இத்தனை பேருக்குத்தான் இதய அறுவை சிகிச்சை என்று மாவட்டத்துக்கு எண்ணிக்கை வைப்பதில்லை. ஸ்கூட்டர் திட்டத்தில் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீடு, அதற்கேற்ப எண்ணிக்கை, அதற்கேற்பத் தேர்வு. தகுதி இருந்தும் இந்த ஆண்டு கிடைக்கவில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற பதில் அங்கே முறையான பதில்.

வீட்டுக்குள் ஒரு விதி, வீட்டுக்கு வெளியே ஒரு விதி

பொது மருத்துவக் காப்பீடே வண்டிக்குப் பணம் கொடுக்கும் நாடுகள் உண்டு. பிரிட்டனில் போரில் கால் இழந்தவர்களுக்கு வண்டி தரும் பொறுப்பு 1948-இல் தேசியச் சுகாதாரப் பணியின் கைக்குப் போனது. பர்ட் கிரீவ்ஸ் என்பவர் கால் செயலிழந்த தம் உறவினருக்காகச் செய்த மோட்டார் வண்டியிலிருந்து வளர்ந்த 'இன்வாகார்' என்ற ஒற்றை இருக்கை மூன்று சக்கர ஊர்தியை, வெளிர்நீல வண்ணம் பூசி அரசே கொடுத்தது. துணைக்கு ஒருவரை ஏற்றிக்கொள்ள முடியாது, காற்றடித்தால் ஆடும். 1970-களில் அதைக் கைவிட்டு, மாற்றுத்திறனாளிக்கு நடமாட்டப் படி என்று மாதப் பணம் தந்து, அதைக் கொண்டு 1977-இல் தொடங்கிய 'மோட்டபிலிட்டி' அமைப்பின் வழியாகக் காரோ ஸ்கூட்டரோ குத்தகைக்கு எடுக்கும் முறைக்கு மாறினார்கள். பழைய நீல வண்டிகள் 2003 மார்ச் இறுதியோடு சாலையில் ஓடத் தடை விதிக்கப்பட்டது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், தமிழர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ பகுதி உட்பட, துணைக் கருவித் திட்டம் ஸ்கூட்டர் விலையில் 75 விழுக்காட்டை ஏற்கிறது. மாகாண மருத்துவ அட்டை இருக்க வேண்டும். பதிவுபெற்ற தொழில்வழி மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ தேவையை மதிப்பிட்டு எழுதித்தர வேண்டும். மிச்சக் கால்பங்கு குடும்பத்தின் பொறுப்பு.

அமெரிக்காவின் மெடிகேர் முதியோருக்கான பொதுக் காப்பீடு. மருத்துவர் நேரில் பார்த்து எழுதித்தந்தால் ஸ்கூட்டரின் அனுமதிக்கப்பட்ட விலையில் 80 விழுக்காட்டைத் தரும். முன்பு படுக்கையோடும் நாற்காலியோடும் முடங்கியவரா என்று பார்த்தார்கள். 2005-இல் அதை மாற்றி, வீட்டுக்குள் குளிக்க, உண்ண, உடுத்த அவரால் நடமாட முடிகிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். கைத்தடி போதுமா, போதாவிட்டால் கையால் தள்ளும் நாற்காலி போதுமா, அதுவும் போதாவிட்டால் ஸ்கூட்டர் என்று படிப்படியாக மேலே போவார்கள். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தொலைக்காட்சி விளம்பரம் செய்து, உங்களுக்குச் செலவே இல்லை என்று சொல்லி வண்டி விற்கும் தொழில் அங்கே பெருகியது. அவற்றுள் பெரியதான டெக்சாஸ் மாநில நிறுவனமொன்றில் 2013-இல் கூட்டரசுப் புலனாய்வுத் துறை சோதனை நடத்தியது. அதே ஆண்டில் அது மூடப்பட்டது. அதன்பின் முன் அனுமதி விதிகள் இறுகின.

அமெரிக்க விதியில் நம்மோடு ஒப்பிட வேண்டிய புள்ளி ஒன்று உண்டு. வண்டி வீட்டுக்குள் தேவைப்பட வேண்டும். கடைக்கோ தேவாலயத்துக்கோ போக மட்டும் தேவை என்றால் மெடிகேர் பணம் தராது. தமிழ்நாட்டு விதி நேர் எதிர். இங்கே வண்டி படிப்பவருக்கும் வேலைக்குப் போகிறவருக்கும் சுயதொழில் செய்கிறவருக்கும். மருத்துவக் கணக்கில் எழுதியதால் அவர்கள் வீட்டைப் பார்த்தார்கள். வாழ்வாதாரக் கணக்கில் எழுதியதால் நாம் வேலையைப் பார்த்தோம். வாரம் ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போய்வர மட்டுமே வெளியே வர வேண்டிய, சர்க்கரை நோயால் கால் எடுக்கப்பட்ட ஒரு மூதாட்டிக்கு மெடிகேர் விதியிலும் இடமில்லை, நம் விதியிலும் இடமில்லை.

விண்ணப்பத்தின் பாதை

தமிழக அரசின் இலவச ஸ்கூட்டர் திட்டம், இரு கால்களும் பாதிக்கப்பட்டு, இரு கைகளும் நல்ல நிலையில் இருப்போருக்காக வகுக்கப்பட்டது. மாற்றுத்திறனாளி என்பதற்கான தேசிய அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, படிப்பதற்கோ பணிபுரிவதற்கோ உரிய சான்று ஆகியவற்றோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு தேர்வு முகாமுக்கு நேரில் வரச்சொல்வார்கள். வண்டியைக் கையாள முடியுமா என்று பார்ப்பார்கள். வண்டி வந்ததும் ஆட்சியர் கையால் வழங்கும் நிகழ்ச்சி. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்ட நாளில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மனுவோடு காத்திருப்போர் வரிசையிலும், சாவி பெற நிற்போர் வரிசையிலும் இவர்களைக் காணலாம்.

திருவிடைமருதூர் வட்டம் தஞ்சை மாவட்டத்தின் கீழ்க்கோடியில், கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட ஊர்களையும் சேர்த்துக்கொண்டு கிடக்கிறது. பந்தநல்லூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் தஞ்சாவூர் போக வேண்டுமானால் கும்பகோணத்தில் பேருந்து மாற வேண்டும். பேருந்தின் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது நன்றாக நடப்பவர்களின் கண்ணில் படாது. தூக்கி ஏற்ற ஓர் ஆள் கூட வர வேண்டும். அந்த ஆளுக்கு அன்றைய கூலி போயிற்று. சான்றுக்கு ஒரு நாள், மனுவுக்கு ஒரு நாள், முகாமுக்கு ஒரு நாள், விட்டுப்போன தாளுக்கு இன்னொரு நாள் என்று இலவச வண்டிக்கு முன்செலவு ஆகிறது. கிடைத்தபின் பெட்ரோல், பஞ்சர், பக்கச்சக்கரத் தாங்கு உருளை என்று பின்செலவு. கடும் பாதிப்புள்ளோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாய். வண்டியும் அதற்குள்தான் ஓட வேண்டும். அந்தத் தொகையை உயர்த்தக் கோரி மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் தொடர்ந்து போராடிவருகின்றன.

இதற்கு ஒரு பக்கவழியும் உண்டு. மத்திய அரசின் அடிப் திட்டம் 2014-இல் திருத்தப்பட்டபோது, கடும் பாதிப்புள்ளவர்களின் மோட்டார் மூன்று சக்கர வண்டிக்கு 25,000 ரூபாய் வரை உதவி என்று சேர்க்கப்பட்டது. அன்றைய விதிப்படி மாத வருமானம் 15,000 ரூபாய் வரை உள்ளோருக்கு முழு உதவி, 20,000 வரை உள்ளோருக்குப் பாதி. மிச்ச விலைக்கு நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியோ நன்கொடையாளரோ வேண்டும். யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்து வண்டி வரும் வேகம் மாறுவது இங்கே.

திட்டங்களைத் தாண்டி, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் 20-ஆவது கூறு தனிநபர் நடமாட்டம் பற்றியது: கட்டுப்படியாகும் செலவில், தாம் விரும்பும் முறையில், தாம் விரும்பும் நேரத்தில் போய்வர வழிசெய்ய வேண்டும் என்கிறது. அதையொட்டி வந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 24-ஆவது பிரிவு சமூகப் பாதுகாப்பைப் பேசும்போது, வருமான வரம்புக்கு உட்பட்டு இலவசத் துணைக் கருவிகள் என்று ஓரிடத்திலும், இ.எஸ்.ஐ. முதலியவற்றில் வராதவர்களுக்கு விரிவான காப்பீட்டுத் திட்டம் என்று இன்னோரிடத்திலும் சொல்கிறது. இரண்டும் ஒரே பிரிவில், சில வரிகள் இடைவெளியில் இருக்கின்றன. ஒன்றை மற்றதோடு சேர்த்துப் படித்து, துணைக் கருவியையும் காப்பீட்டின் பயனாக்க அந்தப் பிரிவில் தடை எதுவும் இல்லை.

மதிஇறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு மட்டும் தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. தொடர் பயிற்சி சிகிச்சைகளையும் அது ஏற்கிறது. போலியோவால் கால் சூம்பியவரும் விபத்தில் கால் இழந்தவரும் அதற்குள் வரமாட்டார்கள்.

சில ஆண்டுகளாக அலுவலகமே ஆளைத் தேடி வரும் முயற்சிகள் தெரிகின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையங்கள், மதிப்பீடு, சிகிச்சை, சான்று ஆகியவற்றை மாவட்டத் தலைநகருக்கு வெளியிலும் கொண்டுசெல்ல முனைகின்றன. ஆதுலர் சாலைக் காலத்திலிருந்து 'வந்து சேருவது அவரவர் பாடு' என்றிருந்த முறை இங்கேதான் சற்றுத் தளர்கிறது.

2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் ஊராட்சிகளிலும் நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. திருவிடைமருதூர் போன்ற பேரூராட்சிகளுக்கும் அது பொருந்தும். ஸ்கூட்டர் ஒதுக்கீடு பேரூராட்சியின் அதிகாரத்தில் இல்லை. தெருவின் வேகத்தடை, மதகை ஒட்டிய சாய்தளம், அலுவலகப் படிக்கட்டு ஆகியவை இருக்கின்றன. வளர்ச்சித் திட்டங்களில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் 2016 சட்டத்தின் 37-ஆவது பிரிவும் மன்றத்தில் எழுப்பத்தக்கதாக இருக்கிறது.